திங்கட்கிழமை கல்யாண வீடு

ஜூலை 8, புதன்

காலையிலிருந்து காற்று. மேஜையைத் துடைத்துத் திரும்புவதற்குள் மறுபடி மண்.

இது போன வருட டைரி. இன்சூரன்ஸ் கம்பெனி கோமதி அக்காவுக்குக் கொடுத்தது, அக்கா எனக்குக் கொடுத்தார். கிழமைகள் எல்லாம் தப்பு. அடித்துவிட்டு எழுதிக்கொள்கிறேன். இனிமேல் கோமதி அக்கா = கோ.அ.

இன்றைய வேலை: தண்ணீர் கேன். சாமி படத்துக்குப் பூ. பாலிசி புதுப்பிக்கச் சொல்லும் கடிதங்களை மடித்து உறையில் போட்டது. போன் அடித்தபோதெல்லாம் எடுத்துக்கொண்டு ஓடி கோ.அ. கையில் கொடுத்தது. நானாகப் பேசுவதில்லை. "ஹலோ"வுக்கு மேல் அடுத்த வார்த்தை வருவதில்லை. கோ.அ. திட்டுவதில்லை. "வரும்போது வரும்" என்பார்.

மத்தியானம் வந்த போன்தான் சரியில்லை. எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனி முதலாளி. எங்கள் அம்மா அங்கேதான் வேலை பார்க்கிறாள். வேலையாட்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்காக அவர் கோ.அ.விடம் ஒரு குரூப் பாலிசி எடுத்திருக்கிறார். ஆடிப் பதினெட்டுக்குள் புதுப்பிக்க வேண்டும். இந்த ஆபீஸ் நடப்பதே அந்த ஒன்றில்தான். வாடகை, கரண்ட், என் சம்பளம், எல்லாம்.

இந்தப் பக்கம் கேட்டது இவ்வளவுதான்: "ஆமா அண்ணாச்சி... கேள்விப்பட்டேன்... கார்டு எல்லாருக்கும் வருதுன்னாக... சரி, நேர்ல வாரேன்."

போனை வைத்துவிட்டு கோ.அ. ஜன்னல் வழியே கீழே டீக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "செல்வி, அந்தக் கடிதத்தை நேரா மடி. கோணலா இருந்தா ஜனம் கோணலா நினைக்கும்" என்றார்.

ஜூலை 10, வெள்ளி

கோ.அ. ஸ்கூட்டியில் எம். புதுப்பட்டி. வழியெல்லாம் வெயில், காய வைத்த காகிதக் குழாய்கள், அவற்றுக்குக் காவல் நாய்கள்.

வெள்ளிக்கிழமை பூஜை முடியும் வரை கோ.அ. கேட்டுக்குள் போகமாட்டார். தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பிறகுதான். வேலை நடக்கிற இடத்தில் ஆஸ்பத்திரி, விபத்து என்ற பேச்சையும் எடுக்கமாட்டார். வெளியே வேப்பமரத்தடியில்தான் பேச்சு. கேட்டில் போனைக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே போகும்போது வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறார். பட்டாசு ரூமுக்குள் போகிறவர்கள் உடம்பு மின்சாரம் இறங்கத் தொடுகிற தகடு அது. ஆபீஸ் ரூமுக்குப் போகிறவர்கள் தொட வேண்டியதில்லை. "இவுக தொடுற எதையும் நான் தொடாமப் போகக் கூடாது" என்றார் ஒருநாள்.

முதலாளி நல்ல மனிதர்தான். மோர் கொடுத்தார்.

"கோமதி, தப்பா எடுத்துக்கிடாதீக. கவர்மென்ட்டே வருமானம் கிருமானம் பாக்காம இலவச வைத்தியத்துக்குக் கார்டு தாரான். ஊர் ஊருக்கு முகாம் போட்டு எழுதுறானாம். அப்புறம் நான் எதுக்கு உங்களுக்கு வேற கட்டணும்? வியாபாரம்னா இதான."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கோ.அ. கெஞ்சுவார் என்று நினைத்தேன்.

"நியாயம்தான் அண்ணாச்சி. ஆனா பழைய கார்டே இங்கன பாதிப் பேரு கையில இல்ல. முதல்ல எல்லார் கைக்கும் கார்டு வரட்டும். வந்த பெறகு என்னை நிறுத்துங்க. முகாமை இங்கன கொண்டு வாரது என் பொறுப்பு."

முதலாளி மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "உங்க கடைக்கு நீங்களே பூட்டுப் போடுறீக."

"பூட்டுப் போடுறதுன்னாலும் சுத்தமாப் போடணும்ல."

திரும்பி வரும் வழியில் கோ.அ. மெயின் ரோட்டு முக்கில் நிறுத்தி, எனக்கு மட்டும் நுங்கு வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 12, ஞாயிறு

விருதுநகர். மாவட்ட ஏஜென்ட்டுகள் கூட்டம். புரோட்டாக் கடைக்கு மேலே ஹால். எண்ணெய் வாசம் மேலே வந்துகொண்டே இருந்தது, பேசுகிறவர்களுக்கெல்லாம் பசி. கோ.அ. என்னைக் குறிப்பெடுக்கக் கூட்டிப்போனார். கடைசி வரிசையில் நான். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நல்லது.

பேசியவர்களில் பெரியவர் சாத்தூர் ராஜகுரு சார். இந்த வேலையில் பழுத்தவர். வெள்ளைச் சட்டை, பையில் எப்போதும் ஏலக்காய். அவர் சொன்னதில் நான் எழுதிக்கொண்டது:

வயசுப் பையன்கள் எல்லாம் கார்டு போதும் என்று போய்விட்டால் நம்மிடம் நிற்பது சீக்காளிகள் மட்டும். அப்புறம் பிரீமியம் ஏறும். ஏறினால் அவர்களும் போவார்கள்.

பிரீமியத்துக்கு இருந்த வரியை நீக்கினார்கள், ஜனத்துக்கு நல்லது. ஆனால் கம்பெனி நம் கமிஷனில் கை வைத்துவிட்டது.

அரசாங்கம் தருகிற ரேட் கட்டுப்படியாகாவிட்டால் ஆஸ்பத்திரிக்காரன் கார்டுக்கு பெட் இல்லை என்பான். ஜனம் அரசாங்கத்தைத் திட்டாது, பக்கத்து வீட்டு ஏஜென்ட்டைத்தான் திட்டும்.

எல்லாமே உண்மைதான் போலிருந்தது. பயமாகவும் இருந்தது. பின்னால் யாரோ, "மக பிளஸ் டூ முடிக்கிற வரைக்குமாவது தாங்கணும்" என்று மெல்லச் சொன்னார். இவர்களுக்கெல்லாம் கவலை என்று ஒன்று இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பேனா, பை, பைக் என்று பார்த்தே பழக்கம்.

அப்புறம் ஒருவர் எழுந்து, "கார்டோட போனா வராண்டாவுல போடுவான்னு ஜனத்துக்கிட்ட சொல்லுங்க. பயந்தா நம்மகிட்ட வருவாக" என்றார். கைதட்டினார்கள்.

கோ.அ. எழுந்தார். மைக்கைத் தொடவில்லை.

"எனக்கும் பயம்தான். என் பெரிய பாலிசி இந்த ஆடியில போகப் போகுது. ஆனா ஆஸ்பத்திரி வாசல்ல தாலியக் கழட்டி அடகுக்குக் குடுத்தவளப் பாத்தவுக யாரும் இந்தக் கார்டு கெட்டதுன்னு சொல்ல மாட்டாக. நான் சொல்ல மாட்டேன். கார்டு குடுக்கிறத அது குடுக்கட்டும். அது குடுக்காதது என்னன்னு நாம தேடுவோம். அதுதான நம்ம வியாபாரம்."

"அது என்னம்மா, சொல்லிருங்களேன், நாங்களும் பொழைச்சுக்கிடுவோம்" என்றார் ராஜகுரு சார். எல்லாரும் சிரித்தார்கள்.

"இன்னும் தெரியல சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அத்தனை பேர் முன்னால் தெரியவில்லை என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் தெரியாது என்று சொல்லப் பயந்தே வாயைத் திறக்காமல் இருந்தவள்.

கூட்டம் முடிந்து கீழே பொரித்த புரோட்டா. ராஜகுரு சார் எங்கள் இலையைப் பார்த்து, "கோமதி, நீங்க நம்ம ஆளா, கலெக்டர் ஆபீஸ் ஆளா?" என்றார்.

"சால்னாவை இங்கிட்டுத் தள்ளுங்க, சொல்றேன்" என்றார் கோ.அ.

ஜூலை 15, புதன்

மின்வெட்டு. விசிறிக்கு பதில் பழைய பாலிசி உறை.

முகாம் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம், எம். புதுப்பட்டி பஞ்சாயத்துக் கட்டடம். சனிக்கிழமை கூலி போடுகிற நாள், ஒருவர் விடாமல் இருப்பார்கள் என்று முதலாளியும் கோ.அ.வும் சேர்ந்து வைத்த நாள்.

வீட்டில் அம்மா: "கோமதி பொழைக்கத் தெரியாதவ. தன் சோத்துல தானே மண்ணள்ளிப் போடுறா. உன் வேலையும் போவும், பாரு."

போன வருடம் அம்மா மஞ்சள்காமாலையில் படுத்தபோது அந்தப் பாலிசியில்தான் பார்த்தோம். கோ.அ. ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாக் கையெழுத்தையும் முடித்துக் கொடுத்தார். நான் அப்போது ஒன்பதாவதோடு நின்றுவிட்டு வீட்டில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் அம்மா பெயரை நான் எழுதியதைப் பார்த்து, "எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கே, ஆபீஸுக்கு வாரியா?" என்றார். அம்மாவுக்கு அது மறந்துவிடவில்லை. பயத்தில் பேசுகிறாள்.

குழாய் சுற்றப் போவதென்றால் போவேன். ஆனால் இந்த ஜன்னல் இருக்காது.

வாங்க வேண்டியது: ஸ்டாப்ளர் பின், ஊதுபத்தி, எனக்கு ஹேர்பின்.

ஜூலை 18, சனி

ஆடி ரெண்டு. பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு மேஜை, ஒரு லேப்டாப், விரல் வைக்கிற சின்னப் பெட்டி. மதுரைப் பக்கத்துப் பையன் ஒருவன் ஆபரேட்டர். வரிசை கட்டடத்தைச் சுற்றி அரசமரம் வரைக்கும்.

முதல் ஆள் மாரியம்மாக்கா. எங்கள் தெரு. கம்பெனியில் அம்மாவுக்கு அடுத்த ரூமில் பேன்சி ரகப் பட்டாசுக்கு வெடிமருந்து அடைப்பவர். விரலை வைத்தார். பெட்டி சிவப்பாக மின்னியது. மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு. அடுத்தவர். சிவப்பு. அதற்கடுத்தவரும்.

"மெஷினு ரிப்பேர் போலக்கா" என்றான் பையன்.

மாரியம்மாக்கா கையை விரித்து அவன் முகத்துக்கு நேரே காட்டினார். உள்ளங்கை, விரல், நகக்கண் எல்லாம் அலுமினியப் பொடி. லைட் வெளிச்சத்தில் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. "மெஷினு நல்லாத்தான் இருக்கு தம்பி. எங்க கையிலதான் தீவாளி."

பையன் ஈரத்துணி கொடுத்தான். சோப்புக் கொடுத்தான். துடைத்தால் பொடி ரேகைக்குள் இன்னும் இறங்குகிறது. போனுக்கு வருகிற நம்பரைச் சொன்னாலும் போதும் என்றான். ஆதாரில் கொடுத்த நம்பர் பாதிப் பேருக்குப் பழைய நம்பர். அந்த சிம் எல்லாம் எங்கே போனதோ.

சனிக்கிழமை வைத்ததுதான் தப்பு. வாரம் முழுக்க ஏறின பொடி சனிக்கிழமைதான் உச்சத்தில் இருக்கும். இங்கேயே பிறந்து வளர்ந்த எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை. தினமும் பார்க்கிற கை.

வரிசை கலைந்தது. ஒரு பாட்டா, "நம்ம விரலு சர்க்காருக்குப் பிடிக்கல, வாங்கடா" என்று சொல்லிக்கொண்டே போனார். போர்மேன் தங்கவேல் அண்ணன், "அக்கா, விடுங்க. கார்டு வராட்டி உங்க பாலிசிதான நிக்கும். உங்களுக்கு நல்லதுதான" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னார்.

கோ.அ. முகம் சிவந்துபோனது. "தங்கவேலு, இன்னொரு தடவ அப்படிச் சொல்லாதீக" என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 19, ஞாயிறு

காலையிலேயே கோ.அ. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். காபி கூடக் குடிக்கவில்லை. ஆபரேட்டர் பையனின் மேலதிகாரியிடம் பேசி, நாளைக் காலை வேலை தொடங்குவதற்கு முன்னால் ஒரு தடவை வரச் சம்மதம் வாங்கியாயிற்றாம். இன்று லீவு, கை ஓய்வாக இருக்கும். ஆனால் உள்ளே இறங்கின பொடியை எப்படி எடுப்பது?

"ஏக்கா, ஒரு கல்யாண வீட்டுக்குப் போனா இந்தக் கையோடயா போவீக?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா சிரித்துவிட்டாள். கோ.அ. முன்னால் அம்மா சிரித்து இப்போதுதான் பார்க்கிறேன். "அது எப்படிம்மா போவோம்? முதல்ல தேங்கா எண்ணெய் தேச்சு ஊற விடணும். பொடி மெதந்து வரும். அப்புறம் சீயக்காய். சோப்பு போட்டா ஒட்டிக்கிடும். பொண்ணு பாக்க வாரப்ப, சடங்குக்கு, எல்லாத்துக்கும் அப்படித்தான்."

"அப்ப நாளைக்குக் கல்யாண வீடுன்னு சொல்லிருவோம்."

அம்மாவை ஸ்கூட்டி பின்னால் ஏற்றிக்கொண்டார். அம்மா ஸ்கூட்டியில் ஏறியது முதல் தடவை, சேலையைப் பிடித்துக்கொண்டு கோவிலுக்குப் போகிற முகம். தெருத் தெருவாக, குழாயடி குழாயடியாக ரெண்டு பேரும். நான் வீட்டில் தம்பிக்குச் சோறு.

குழாயடியில் கேட்டதாக அம்மா வந்து சொன்னது:

"நாளைக்குக் காலையில கல்யாண வீடு. கைய நல்லாக் கழுவிட்டு வாங்க."

"யாருக்குக் கல்யாணம்?"

"நம்ம கைக்கும் கவர்மென்ட்டுக்கும்."

"மாப்பிள்ளை எப்படி?"

"விரல வச்சாத்தான் பேசுவாராம்."

சாயங்காலம் தெரு முழுக்க சீயக்காய் வாசம்.

ஜூலை 20, திங்கள்

இதை மறக்கக் கூடாது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

வெயில் ஏறவில்லை. காற்று மட்டும். பஞ்சாயத்துக் கட்டடத்துக்கு முன்னால் வரிசை. நல்ல சேலை கட்டி வந்திருந்தார்கள். கல்யாண வீடு என்று விளையாட்டாகச் சொன்னதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டு, பூ வைத்து, சிலர் பவுடர் போட்டு. மாரியம்மாக்கா பட்டுச்சேலை. முடிந்ததும் பருத்திச் சேலைக்கு மாறித்தான் கம்பெனிக்குப் போனார்.

முதல் விரல் மாரியம்மாக்காவுடையது. பச்சை விளக்கு. எல்லாரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

ரேகை தேய்ந்துபோனவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். வயதானவர்கள், வருடக்கணக்காகத் திரி வெட்டினவர்கள். அவர்களுக்கு என்ன செய்தும் சிவப்புதான். கோ.அ. அவர்களைத் தனியாக உட்கார வைத்துப் பெயர் கேட்டுக்கொண்டார்.

என் வேலை வரிசையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று, நகக்கண்ணில் மிச்சம் இருப்பவர்களுக்குத் தேய்த்துவிடுவது. யாரிடமும் பேச வேண்டியதில்லை, கையைப் பிடித்தால் போதும். பேசாத ஆள் நின்றால் எல்லாரும் நிறையப் பேசுகிறார்கள். மாரியம்மாக்கா பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது:

"கார்டு ஆஸ்பத்திரிக்காரனுக்குக் குடுத்துரும். சரிதான். நான் படுத்த நாளைக்கு என் வீட்டு அடுப்புக்கு யாரு குடுப்பா?"

"ஏன், உன் புருசன் இல்ல?"

"அவரு எனக்குத் துணைக்கு ஆஸ்பத்திரியில ஒக்காந்திருப்பாருல்ல. அப்ப ரெண்டு கூலியும் போச்சா."

இது காதில் விழுந்ததிலிருந்து மண்டைக்குள்ளேயே நிற்கிறது. ஏன் என்று தெரியவில்லை.

முடிந்ததும் கோ.அ. ஆபரேட்டர் பையனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தார். "எங்க ஊரு கை எப்படி?" என்று கேட்டார்.

"பளிச்சுன்னு இருக்குக்கா" என்றான்.

ஜூலை 25, சனி

ஆஸ்பத்திரியில் இருந்ததால் வியாழன் முதல் எழுதவில்லை. எனக்கு ஒன்றும் இல்லை. மாரியம்மாக்காவின் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். குரூப் பாலிசியில் குடலிறக்கம் சேராது. புதுக் கார்டின் முதல் வேலை.

கவுன்டரில் இருந்தவர், "இந்தக் கார்டு இன்னும் கம்ப்யூட்டர்ல ஏறல. காசு கட்டுறதுன்னா சேர்த்துக்கிடலாம்" என்றார். மாரியம்மாக்கா கம்மலில் கை வைத்துவிட்டார்.

கோ.அ. நடுவில் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. "ரேஷன் கார்டு நம்பர் போட்டுப் பாருங்களேன். சாப்பிட்டீகளா? அவசரம் இல்ல, நிதானமாப் பாருங்க." அவர் போட்டுப் பார்த்தார். வந்தது. "ஆமா, இருக்குங்க" என்றார் கொஞ்சம் வெட்கத்தோடு. "இருக்கும். நீங்க எம்புட்டுப் பேருக்குப் பாக்குறீக, பாவம்" என்றார் கோ.அ. அதற்கப்புறம் கவுன்டர்காரரே எழுந்து வந்து வார்டு காட்டினார்.

கோ.அ.வுக்கு இதில் ஒரு பைசா கிடையாது. கார்டு அவர் விற்றதும் இல்லை. அவர் வியாபாரத்தைக் கெடுக்க வந்தது. ஏன் நிற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. வேறு யார் நிற்பார்கள் என்பார்.

ஆபரேஷன் நல்லபடி. மாரியம்மாக்கா வராண்டாவில் தூக்குவாளியோடு. "என் கூலி, அவரு கூலி, ரெண்டும் இங்கன என் பக்கத்துல ஒக்காந்திருக்கு பாரு" என்று பெஞ்சின் காலி இடத்தைத் தட்டிக் காட்டினார்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது சொல்லிவிட்டேன். முதுகைப் பார்த்துப் பேசுவது எளிது. "அக்கா, கார்டு குடுக்காதது அதுதான். கூலி."

வண்டி ஓரமாக நின்றது.

"என்ன சொன்ன?"

வரிசையில் கேட்டதைச் சொன்னேன். பெஞ்சில் தட்டிக் காட்டியதையும் சொன்னேன். ஒரே மூச்சில். கோ.அ. தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அப்புறம், "படுத்த ஒவ்வொரு நாளைக்கும் கையில இவ்வளவுன்னு குடுக்கிற பாலிசி நம்ம கம்பெனியிலயே இருக்கு செல்வி. சின்னது. கமிஷன் கிடையாத மாதிரிதான். யாரும் விக்கிறதில்ல, நானும் வித்ததில்ல" என்றார்.

பின்னால் வந்த லோடு வண்டி ஹாரன் அடித்தது. கோ.அ. நகரவில்லை.

ஜூலை 28, செவ்வாய்

எம். புதுப்பட்டி. வேப்பமரம். முதலாளி, கோ.அ., தள்ளி நான்.

கோ.அ. சொன்னது சுருக்கமாக: பெரிய பாலிசியை விட்டுவிடலாம். ரேகை விழாமல் கார்டு கிடைக்காதவர்களுக்கு மட்டும், கார்டு கைக்கு வரும் வரை, பழையது. மற்ற எல்லாருக்கும் ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்குக் கூலி தருகிற சின்னப் பாலிசி.

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். "பெரிசை விட்டுட்டுச் சின்னதை எடுங்கன்னு எங்கிட்ட வந்து சொன்ன மொத ஏஜென்ட் நீங்கதான்."

"பெரிசை நீங்க எப்படியும் விடத்தான போறீக அண்ணாச்சி."

சிரித்தார். "இதுல உங்களுக்கு என்ன மிஞ்சும்?"

"கொஞ்சம்."

"யாரு குடுத்த யோசனை?"

கோ.அ. என்னைக் காட்டினார். "இவதான். ராக்கம்மா மக." முதலாளி திரும்பிப் பார்த்தார். நான் வேப்பங்கொட்டைகளைப் பார்த்தேன். நிறையக் கிடந்தன.

"ஆடிப் பதினெட்டுக்குச் சொல்றேன்" என்றார்.

முதலாளி வேண்டாம் என்றால் கோ.அ. ஆபீஸைக் காலி செய்வார். காலி செய்தாலும் சுத்தமாகப் பெருக்கிவிட்டுத்தான் சாவி கொடுப்பார். அதை நினைத்தால்தான் அழுகை வருகிறது.

ஆகஸ்ட் 3, திங்கள். ஆடிப் பதினெட்டு

சிவகாசி முழுக்கப் பூஜை. பட்டாசுக் கம்பெனிகளில் புது விலைப்பட்டியல். பிரஸ்களில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம். தெருவெல்லாம் சுண்டல் வாசம், மை வாசம்.

முதலாளி போன். கோ.அ. குளியலறையில். அடித்து நின்றது. மறுபடி அடித்தது. எடுத்துக்கொண்டு போய்க் கதவுக்கு வெளியே நின்றேன், பச்சைப் பொத்தானை அமுக்கவில்லை. கோ.அ. ஈரக் கையோடு வந்து வாங்கினார்.

"சொல்லுங்க அண்ணாச்சி... சரி... சரி அண்ணாச்சி. ரொம்ப சந்தோசம்."

முதலாளி ஒப்புக்கொண்டார். சின்னப் பாலிசி எல்லாருக்கும், பழையது கார்டு இல்லாதவர்களுக்கு. இன்னொன்றும் சொன்னாராம்: "கார்டு கவர்மென்ட் தருது. கவுன்டர்ல நிக்க ஆளு தரலியே. அதுக்கு நீங்க இருங்க."

கோ.அ. சாமி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம். பிறகு கணக்குப் போடாமலே சொன்னார், "முன் ரூமை விட்டுருவோம். டெய்லர் ஒருத்தரு கேட்டுக்கிட்டே இருக்காரு. உள் ரூம் நமக்குப் போதும். ஜன்னலு உள் ரூம்லதான இருக்கு."

ஆமாம். ஜன்னல் உள் ரூமில்தான்.

மத்தியானம் பிரஸ்ஸில் காலண்டர் ஆர்டர். வருடா வருடம் தினசரி காலண்டர் அடித்துப் பாலிசிக்காரர்களுக்குக் கொடுப்பார். மேலே சாமி படம், கீழே கோ.அ. போட்டோ, எதிர்காலம் பற்றி ஒரு வாசகம். இந்த வருடம் போட்டோ வேண்டாம் என்றார். அந்த இடத்தில் என்னை எழுதச் சொன்னார், என் கையெழுத்தையே அச்சடிப்பதாக. எழுதியது:

கார்டுடன் ரேஷன் கார்டையும் எடுத்துச் செல்லவும்.
இல்லை என்று சொன்னால் ரேஷன் கார்டு எண் போட்டுப் பார்க்கச் சொல்லவும்.
கம்மலைக் கழற்றும் முன் எங்களைக் கூப்பிடவும்.

கீழே கோ.அ. பெயர். அதற்குக் கீழே, "அலுவலகத்தில்: செல்வி."

"வேண்டாம்க்கா" என்றேன்.

"நான் ஆஸ்பத்திரியில நிக்கிறப்ப போனை யாரு எடுப்பா? டெய்லரா?"

ஆகஸ்ட் 5, புதன்

மேகம். மழை இல்லை. முன் ரூமில் தையல் மிஷின் வந்து இறங்கிவிட்டது. டெய்லர் அண்ணன் விசிலடிப்பவர்.

கோ.அ. ஆஸ்பத்திரியில், மாரியம்மாக்காவின் வீட்டுக்காரருக்குத் தையல் பிரிக்கும் நாள். போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். மறந்து வைத்ததா, வேண்டுமென்றே வைத்ததா தெரியவில்லை. மறக்கிற ஆள் இல்லை.

பதினோரு மணிக்கு அடித்தது. நின்றது. மறுபடி. டெய்லர் அண்ணன் மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். எடுத்தேன்.

"கோமதி?" ராஜகுரு சார்.

"அக்கா இல்ல சார். செல்வி." குரல் வந்தது. சின்னதாக, ஆனால் வந்தது.

"யாரு, குறிப்பெடுத்த புள்ளையா? நீயே சொல்லும்மா. அச்சங்குளத்துல நான் பாலிசி போட்ட பட்டாசுக் கம்பெனிக்கும் முகாம் போட்டேன், சனிக்கிழமை. ஒரு விரலும் விழல. உங்க ஊருல விழுந்துச்சாம்ல. மெஷினு வேறயா?"

"அதே மெஷினுதான் சார். திங்கக்கிழமை காலையில வைங்க. எல்லாரையும் கல்யாண வீட்டுக்குப் போறாப்புல வரச் சொல்லுங்க."

"கல்யாணமா? யாருக்கு?"

"அப்படிச் சொன்னா அவுகளுக்கே தெரியும் சார். முதல்ல எண்ணெய், அப்புறம் சீயக்காய். சோப்பு மட்டும் வேண்டாம்."

அந்தப் பக்கம் ஏலக்காய் கடிபடும் சத்தம்.

"இரும்மா," என்றார், "பேனா எடுத்துக்கிடுறேன். நிதானமாச் சொல்லு."